கடற்செய்தியை நேரே அறிவோம்

தோணிரேவிலிருந்து முகத்துவாரம் கடந்து கடலுக்குச் செல்வோர்க்கு இன்றியமையாதது காற்றும் அலையும் பற்றிய செய்தி. இன்று அது வாட்ஸ்அப் வழியே பலர் கைமாறி வருமாயின், எந்நாளுக்கு உரியது என்பதே விளங்குவதில்லை. பழைய செய்தியை நம்பித் தோணி இறக்குவது உயிருக்கே கேடாகும்.

புதுவையை அடுத்த வீராம்பட்டினம் இதற்கு வழிகாட்டியது. 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய திட்டத்தின்கீழ், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை அறிந்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தனர். கணினி அறியாதவரும் பயனடைந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கி பரப்பியதால் மக்கள் உயிர் தப்பினர்.

இன்று ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலைநிலையையும் மீன்வளமுள்ள இடங்களையும் தன் தளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. ஊராட்சிகள் செய்யத்தக்கவை மூன்று:

1. ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இருவருக்கு அத்தளத்தை நேரே திறந்து படிக்கப் பயிற்சி அளித்தல்.

2. நாள்தோறும் மாலையில், தேதியும் நேரமும் குறித்துக் கரும்பலகையில் எழுதுதல்.

3. மின்சாரம் நின்றாலும் இயங்குமாறு ஒலிபெருக்கிக்கு பாட்டரி வைத்துப் பேணுதல்.

உழவர்களும் மழைச் செய்திக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தை இவ்வாறே நாடலாம். வரும் ஊராட்சிக் கூட்டத்திலேயே அவ்விருவரைத் தேர்ந்தெடுப்பது நலம்.