டெம்ப் டைரக்டரிக்கு ஸ்டிக்கி பிட் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் பலர் ஒரே லினக்ஸ் சர்வரில் லாகின் செய்து வேலை பார்க்கிறோம். டெம்ப் டைரக்டரியின் பெர்மிஷன் 1777. ஒருவர் ஃபைலை இன்னொருவர் அழிக்க முடியாது என்னும்போது, அதில் என்ன ஆபத்து?
– ஆராய்ச்சி மாணவர், பெங்களூரு

பதில்: 1777-இல் முன்னால் நிற்கும் 1தான் ஸ்டிக்கி பிட். பிறர் ஃபைலை அழிப்பதையும் பெயர் மாற்றுவதையும் அது தடுக்கும். படிப்பதைத் தடுக்காது, நீங்கள் வைக்கப்போகும் பெயரில் வேறொருவர் முந்திக்கொள்வதையும் தடுக்காது. ஆபத்து இந்த இரண்டில்தான் இருக்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட் 'ரிசல்ட்' என்ற பெயரோடு பிராசஸ் எண்ணைச் சேர்த்து எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் எண்ணை ஊகிப்பது கஷ்டமில்லை. அந்தப் பெயர்களில் சிம்லிங்க் போட்டு, உங்கள் ஹோமில் உள்ள பாஷ்ஆர்சி ஃபைலுக்குத் திருப்பிவிட்டால், உங்கள் ஸ்கிரிப்டே அதை மேலெழுதிவிடும். ரூட் பெயரில் கிரானில் ஓடும் ஸ்கிரிப்ட் என்றால் சிஸ்டம் ஃபைலே போய்விடும்.

இதற்குத்தான் 2012-இல் லினக்ஸ் 3.6 கெர்னலிலேயே தடுப்பு வந்துவிட்டதே என்பீர்கள். உண்மைதான். முன்கூட்டியே போட்டுவைத்த சாதாரண ஃபைலில் ஏமாறாமலிருக்க 2018-இல் 4.19-லும் ஒரு தடுப்பு சேர்ந்தது. ஆனால் இவை ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும். அப்போதும் ஸ்டிக்கி பிட் உள்ள டைரக்டரிக்கு மட்டுமே பொருந்தும். அவசரத்துக்கு 777 என்று திறந்துவிட்ட ஸ்கிராட்ச் டைரக்டரிக்கு உதவாது. பிறர் படிப்பதையோ இவை தொடுவதேயில்லை. யூமாஸ்க் 022 என்றால் ஃபைல் 644 ஆகப் பிறக்கும். உள்ளே பாஸ்வேர்டு இருந்தாலும் எல்லோரும் படிக்கலாம். ஆய்வகத்தில் எல்லோரும் தெரிந்தவர்கள்தானே என்பதும் சமாதானமாகாது. ஒருவர் பாஸ்வேர்டு திருடு போனால் உள்ளே வருபவர் தெரிந்தவர் அல்ல. கெட்ட எண்ணமே இல்லாமல், எப்போதும் ஒரே பெயரில் எழுதும் ஸ்கிரிப்டை இருவர் ஓட்டினாலும் பெயர் மோதி, ஒருவர் ரிசல்ட்டை மற்றவர் தன்னுடையது என்று படித்துவிடலாம்.

ஆகவே பொது இடத்தில் பெயரை நீங்களே வைக்காதீர்கள். எம்கேடெம்ப் கமாண்டை 'மைனஸ் டி' சேர்த்துக் கொடுத்தால், ஊகிக்க முடியாத பெயரில், உங்களுக்கு மட்டும் திறக்கும் 700 டைரக்டரி கிடைக்கும். அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் அதைத் தொடாது. ஸ்கிரிப்ட் முடியும்போது அழிக்க டிராப் வரி ஒன்று போதும். பகிர வேண்டியதற்கு குரூப் டைரக்டரி 2770 போதும். ஆனால் எல்லோரும் ஸ்கிரிப்டைத் திருத்துவார்கள் என்று நிர்வாகி காத்திருக்கக் கூடாது. பாம் நேம்ஸ்பேஸ் ஒவ்வொரு பயனருக்கும், சிஸ்டம்டியின் பிரைவேட்டெம்ப் ஒவ்வொரு சர்வீசுக்கும் தனி டெம்ப் தரும். உங்கள் ஊரில் இந்திய அறிவியல் கழகத்தின் பரம் பிரவேகா போலப் பலர் பகிரும் கணினிகளில் இந்தப் பிரிப்பு இன்னும் அவசியம். ஸ்லர்ம் ஓடும் கிளஸ்டரில் ஒவ்வொரு ஜாபுக்குமே தனி டெம்ப் கொடுக்க வழியுண்டு. ஸ்டிக்கி பிட்டை எடுக்க வேண்டாம், அதை மட்டும் நம்பவும் வேண்டாம்.