நலமாயிருப்போரின் மூளையும் மன அழுத்தமும்

நோயாளிக்குத் துணையாக வந்திருப்பவரிடம், எந்த மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும் என்று விளக்குகிறோம். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொள்கிறார். வாசலைத் தாண்டுவதற்குள் திரும்பி வந்து, "டாக்டரய்யா, காலைல எது, ராத்திரி எதுன்னு சொன்னீக?" என்கிறார். பின்னர், "எனக்கு ஏதும் மறதி வியாதியா?" என்றும் அஞ்சுகிறார். பெரும்பாலும் அது நோயன்று. உடல்நலமுள்ள மூளை, அழுத்தத்தின்போது செயற்படும் முறையே அது. அதனை இவ்விதழில் அறிந்துகொள்வோம்.

மூளையில் நிகழ்வது என்ன?

இருக்கன்குடி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில், தொலைவில் வெடிச்சத்தம் கேட்டதும் ஆலைக்குச் சென்ற மகளை எண்ணி நெஞ்சு படபடக்காத தாய் அரிது. அந்தக் கணத்தில், மூளையின் ஆழத்தில் வாதுமைக்கொட்டை வடிவில் அமைந்த அமிக்டலா என்னும் பகுதி அபாய அறிவிப்பை எழுப்புகிறது. சில நொடிகளில் சிறுநீரகத்தின் மேலமைந்த அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. தொடர்ந்து சில நிமிடங்களில் கார்டிசால் என்னும் சுரப்புநீரும் இரத்தத்தில் உயர்கிறது.

இவை நம்மைக் காப்பதற்கே உள்ளவை. அர்ச்சுனா நதியிலும் வைப்பாற்றிலும் அளவாக நீர் வந்தால் பயிர் செழிக்கும். வெள்ளமானால் கரை உடையும். அழுத்தமும் அத்தகையதே. சிறிதளவு அழுத்தம் கவனத்தைக் கூர்மையாக்குகிறது. அளவு மீறினால், நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதியின் செயல் தளர்கிறது. திட்டமிடுதல், கேட்டதைச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்துதல், சினத்தை அடக்குதல் ஆகியவை அப்பகுதியின் பணிகள். ஆகவேதான் அழுத்தத்திலிருப்பவர் சொன்னதை மறக்கிறார். சிறு சொல்லுக்கும் வெகுள்கிறார்.

ஆய்வுகள் கூறுவது

2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முக்கியத் தேர்வுக்காக ஒரு மாதம் கடுமையாக உழைத்து, அழுத்தத்தில் இருந்த 20 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தது. அவர்கள் அனைவரும் உடல்நலமுள்ளவர்களே. கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் திருப்பும் சோதனையில் அவர்கள் பின்தங்கினர். முன்மூளைப் பகுதிகளுக்கிடையே உள்ள தொடர்பு குறைந்திருந்ததை எம்.ஆர்.ஐ. வாயிலாகக் கண்டனர். தேர்வு முடிந்து, ஒரு மாதம் அழுத்தம் குறைந்த பின்னர், இம்மாற்றங்கள் மறைந்தன.

நம் நாட்டிலும், பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் எலிகளிடம் செய்த ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. நாள்தோறும் 2 மணி நேரம் என 10 நாட்கள் அசையவிடாமல் வைத்தபோது, நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. அச்சத்திற்குரிய அமிக்டலாவில் அவை வளர்ந்தன. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துதல் ஆகாது. ஆயினும் நீடித்த அழுத்தத்தை அலட்சியம் செய்யலாகாது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

துணையிருப்போர் செய்யத்தக்கவை

1. மருத்துவர் கூறுவதை எழுதி வாங்குங்கள். பின்னர் நீங்களே அதனை எங்களிடம் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். இருமுறை கேட்பதில் கூச்சம் வேண்டா. உங்கள் கேள்வியே தவறான மருந்தைத் தடுக்கும்.

2. முக்கிய ஆலோசனைகளின்போது உறவினர் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார்.

3. இரவுக் காவலை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். உறக்கம் குறைந்தால் அமிக்டலாவின் பரபரப்பு மிகும்.

4. படபடப்பு வரும்போது, மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட நீண்ட நேரம் வெளிவிடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் இதயத் துடிப்பு தணியும்.

5. வேளைக்கு உண்ணுங்கள். தேநீரை மட்டுமே குடித்துப் பொழுதைக் கழித்தல் படபடப்பைக் கூட்டும்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை, விபத்துக் காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வருதல் ஆகியவை இருந்தால் எங்களிடம் கூறுங்கள். வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திராதீர்கள். அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416-இல் எந்நேரமும், கட்டணமின்றிப் பேசலாம். பேச்சுக் குழறல், ஒருபக்கத் தளர்ச்சி, திடீர்க் குழப்பம் ஆகியவற்றை அழுத்தம் என்று தள்ளிவிடாமல் உடனே அவசரப் பிரிவிற்கு வாருங்கள்.

படுக்கையில் இருப்பவரைக் காப்பது போலவே, அருகில் அமர்ந்திருப்பவரின் மூளையையும் காத்தல் வேண்டும். அவர் தளர்ந்தால் நோயாளியின் மருந்து தவறும். அவர் தெளிந்தால் நோயாளியும் தெம்படைவார். ஆகவே, அடுத்த முறை "மறந்துவிட்டேன்" என்று தயங்காமல் எங்களிடம் திரும்பி வாருங்கள். நாங்கள் மீண்டும் சொல்கிறோம்.