அன்பானவரின் அஸ்தியை அவருக்குப் பிடித்த இடத்தில் கரைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தகனம் முடிந்து, பால் தெளித்து, கலயத்தோடு வீடு திரும்பியதும் அடுத்த பேச்சு தொடங்கிவிடும்: "அஸ்தியை எங்கே கரைக்கிறது?" பெரியவர்கள் ராமேஸ்வரம், பவானி கூடுதுறை, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் என்று வரிசையாகச் சொல்வார்கள். நடுவில் மகளோ பேரனோ தயங்கித் தயங்கி ஒன்று சொல்வார்: "அப்பாவுக்குக் குற்றாலம்னா உயிர். கொஞ்சம் அங்கே கொண்டுபோகலாமே?"

கொண்டுபோகலாம். அதற்காக ராமேஸ்வரத்தை விட வேண்டியதும் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தீர்த்தத் தலங்களில் புரோகிதர், படித்துறை, படகுக்காரர் எல்லாம் தயாராக இருப்பார்கள். அவருக்குப் பிடித்த தோப்பிலும் கடற்கரையிலும் மலையடிவாரத்திலும் எல்லாம் உங்கள் பொறுப்பு. இந்தக் காரியத்தை முதன்முறையாகச் செய்பவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி இது.

படி 1: கலயத்தில் இருப்பது என்ன?

முதலில் இதைத் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகும். பெரியவர் ஒருவரின் உடலை எரித்தபின் எஞ்சும் எலும்பும் சாம்பலும் 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். நம் ஊர் எரிவாயு தகனமேடைகளில் பெரும்பாலும் அதில் ஒரு பகுதியைத்தான் கலயத்தில் போட்டுத் தருவார்கள். விறகுச் சிதையாக இருந்தால் எலும்போடு விறகுச் சாம்பலும் கரித்துண்டும் கலந்திருக்கும். பாடை கட்டிய ஆணி, கம்பித் துண்டு, சட்டைப் பொத்தான்கூட வரலாம். கலயத்தைக் கட்டுவதற்கு முன் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

வெளிநாடுகளில் எலும்பை இயந்திரத்தில் அரைத்து மாவாகத் தருகிறார்கள். நம்மிடம் வருவது பெரும்பாலும் துண்டு எலும்புகளும் பொடியும் கலந்தது. பொடி காற்றில் பறக்கும், தண்ணீரில் சற்று நேரம் மிதக்கும். எலும்பு நேராக அடியில் போய்விடும். இரண்டும் கடும் சூட்டில் வெந்தவை என்பதால் நோய்க்கிருமி பயம் கிடையாது. குழந்தைகள் தொட்டாலும் தவறில்லை. மூச்சிரைப்பு உள்ளவர்கள் மட்டும் பொடி மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதன் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். காரமும் உப்பும் மிகுதி. "உரம்தானே" என்று நினைத்துச் செடியின் வேரில் அப்படியே கொட்டினால் செடி கருகிப்போகும்.

படி 2: வீட்டில் பேசி முடிவெடுங்கள்

இந்த விஷயத்தில் சண்டை வருவது இடத்தால் அல்ல, கேட்காமல் முடிவெடுப்பதால்தான். அம்மா இருந்தால் முதல் வார்த்தை அம்மாவுடையது. பிறகு கொள்ளி வைத்தவர், உடன்பிறந்தவர்கள், தாய்மாமன் என்று எல்லோரிடமும் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

யாராவது முறுக்கிக்கொண்டால் பங்கு பிரிப்பதுதான் எளிய வழி. "மாமா, ஒரு பங்கை நீங்க சொன்ன மாதிரி ராமேஸ்வரத்துல சாஸ்திரப்படி கரைச்சிடலாம். ஒரு கைப்பிடியை மட்டும் அவர் வச்ச தென்னந்தோப்புக்கு எடுத்துக்கிறோம்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பிரிப்பது புதுப் பழக்கம் ஒன்றும் அல்ல. 1948-இல் காந்தியின் அஸ்தி பல நதிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டது. கன்னியாகுமரிக் கடலில் கரைப்பதற்கு முன் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில்தான் இன்றைய காந்தி மண்டபம் நிற்கிறது. நேரு 1954-இல் எழுதிய உயிலில் ஒரு கைப்பிடியைக் கங்கையில் விடச் சொன்னார். மீதியில் பெரும்பகுதியை விமானத்திலிருந்து உழவர்கள் பாடுபடும் வயல்களின் மேல் தூவச் சொன்னார். கங்கையில் விடச் சொன்னதற்கு மதம் காரணம் இல்லை, சிறு வயதிலிருந்து அந்த நதியோடு இருந்த பிரியமே காரணம் என்றும் எழுதி வைத்தார். இந்திரா காந்தியின் அஸ்தியை 1984-இல் ராஜீவ் காந்தி விமானத்திலிருந்து இமயமலைப் பனியின் மேல் தூவினார்.

குடும்ப வழக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் மறுநாளே கரைத்துவிடுவார்கள், சிலர் காரியத்தன்றுதான் கரைப்பார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் கீரிமலைத் தீர்த்தமும் முக்கியம். கத்தோலிக்கராக இருந்தால், சாம்பலைத் தூவுவதைத் திருச்சபை ஏற்பதில்லை. கல்லறையிலோ ஆலய வளாகத்திலோ வைக்க வேண்டும் என்று 2016-இல் வாடிகன் அறிவித்தது. பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

படி 3: அந்த இடம் இதற்குத் தாங்குமா?

அவருக்குப் பிடித்த இடம் என்பதாலேயே அது அஸ்தி கரைக்க ஏற்ற இடமாகிவிடாது. இடத்துக்கு இடம் கவனிக்க வேண்டியவை வேறு.

கடல்: எல்லாவற்றிலும் எளிது. ஆனால் குளிக்கும் கூட்டமும் பஜ்ஜிக் கடையும் இருக்கும் பகுதியைத் தவிர்த்து ஒதுக்குப்புறமாகப் போங்கள். கரையில் நின்றால் அலை திருப்பிக்கொண்டு வந்து போடும் என்று தோன்றினால் மீனவர் குப்பத்தில் கேட்டு ஃபைபர் படகில் சற்று உள்ளே போகலாம். வாடகையை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள், உயிர்காப்பு உடுப்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் படகுக்காரரே வரச் சம்மதித்தாலும் நீங்கள் ஏறாதீர்கள்.

ஆறு: தண்ணீர் ஓடுகிறதா என்று முதல் நாளே ஆள் விட்டுப் பாருங்கள். காவிரியில் வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். கோடையில் போனால் படித்துறை காய்ந்து மணலாகக் கிடக்கும். தேங்கிய குட்டையில் கரைத்தால் அங்கேயே படிந்து நிற்கும். வைகை ஆண்டின் பெரும்பகுதி வறண்டுதான் கிடக்கிறது. தாமிரபரணியில் அந்தக் கவலை குறைவு. எந்த ஆறானாலும் குடிநீர் எடுக்கும் உறைகிணற்றுப் பக்கமும் ஆட்கள் குளிக்கும் துறைக்கு மேல்பக்கமும் வேண்டாம்.

அருவி: அருவியில் எந்நேரமும் ஆட்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள், அங்கே கரைப்பது சரியல்ல. அதற்காக ஆசையை விட வேண்டாம், தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். குற்றால அருவிகளின் தண்ணீர்தான் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அந்தக் கூடலில் கரைத்தால் அப்பாவுக்குப் பிடித்த தண்ணீரில்தான் கரைத்தீர்கள்.

சொந்த நிலம், தோப்பு: யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் நிலம் நாளை விற்கப்படலாம், பாகம் பிரியலாம். அதை யோசித்துவிட்டுச் செய்யுங்கள். வேறொருவர் நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதம் கட்டாயம்.

மலை, காடு: பெரும்பாலான மலைப்பகுதிகள் காப்புக்காடுகள். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி தர மறுத்தால் சாலையோரத்திலோ அடிவாரத்திலோ ஊராருக்குத் தெரிந்து ஓர் இடம் பாருங்கள்.

பூங்கா, விளையாட்டு மைதானம், ஊர்க் குளம், கோயில் தெப்பக்குளம்: வேண்டாம். அவை எல்லோரும் புழங்கும் இடங்கள். உங்களுக்கு அப்பாவின் அஸ்தி, அங்கே நடக்க வருபவருக்குச் சங்கடம்.

படி 4: நாளும் நேரமும்

திதி, நட்சத்திரம் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்க்க வேண்டியது காற்று. சென்னை முதல் நாகப்பட்டினம் வரையிலான கரையில் விடியற்காலையில் பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். வெயில் ஏறியபின் கடற்காற்று கரைக்குத் திரும்பிவிடும். காலை ஏழு மணிக்குப் போனால் சாம்பல் கடலுக்குள் போகும், மதியம் போனால் உங்கள் முகத்துக்கு வரும். காலையில் கூட்டமும் இருக்காது.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மஹாளய அமாவாசை நாட்களில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் படித்துறைகளிலும் கால் வைக்க இடம் இருக்காது. நிதானமாகச் செய்ய விரும்பினால் வேறு நாள் பாருங்கள்.

படி 5: கையில் என்ன எடுத்துப் போவது?

• அஸ்திக் கலயம், வாய் கட்டிய துணியோடு. பயணத்தில் சாயாமல் இருக்க ஒரு பையில் வைத்து மடியிலேயே வையுங்கள்.
• தகனமேடை ரசீது, இறப்புச் சான்றிதழின் நகல். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் இந்த அலைச்சலில் மறந்துவிடாதீர்கள்.
• நூலும் நாரும் இல்லாத உதிரிப் பூ, கொஞ்சம் பால், விபூதி.
• ஒரு குடம் நல்ல தண்ணீர், துண்டு, மாற்றுத் துணி.
• குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு பை.

விமானத்தில் போவதானால் நிறுவனத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். மண் கலயமோ மரப்பெட்டியோ ஸ்கேனில் உள்ளிருப்பதைக் காட்டும். தடித்த உலோகச் செம்பு காட்டாது, சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

படி 6: கரைக்கும் முறை

கடலில்: முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். ஒருவர் பின்னால் நின்று உங்கள் தோளையோ கையையோ பிடித்துக்கொள்ளட்டும். அலை வந்து உடைந்து திரும்பி இழுக்கும் நொடிக்காகக் காத்திருங்கள். அப்போது குனிந்து, கலயத்தின் வாயை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சாயுங்கள். உயரத்திலிருந்து கொட்டினால் பொடி பறக்கும், எலும்பு உங்கள் காலடியிலேயே விழும். நீரோடு சாய்த்தால் மோர் கலங்கினாற்போல ஒரு வெண்மை விரிந்து இழுவையோடு உள்ளே போய்விடும். ஒரே முறையில் எல்லாம் போகாது. கலயத்தில் கடல்நீரை மொண்டு மூன்று முறை அலசி விடுங்கள்.

ஆற்றில்: குளிப்பவர்களுக்குக் கீழ்ப்பக்கம், நீர் ஓடும் இடமாகப் பார்த்து இறங்குங்கள். பாசி பிடித்த படி வழுக்கும், வயதானவர்கள் மேல்படியிலேயே நிற்கட்டும். பூவை முதலில் விடுங்கள். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டம். பிறகு கலயத்தைச் சாயுங்கள்.

நிலத்தில்: ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். மரத்தடியானால் தண்டிலிருந்து சில அடி தள்ளி எடுக்க வேண்டும். சாம்பலைப் போல் பத்து மடங்கு மண்ணும் மக்கிய எருவும் கலந்து போட்டு, மேலே மண் மூடித் தண்ணீர் ஊற்றுங்கள். ஆழமில்லாமல் புதைத்தால் நாய் தோண்டிவிடும்.

வெட்டவெளியில் தூவுவதானால்: முதலில் ஒரு சிட்டிகை விபூதியை விரலிடுக்கில் விட்டுக் காற்றின் திசையைப் பாருங்கள். காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, இடுப்பு உயரத்துக்குக் கீழே கையை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மற்றவர்கள் எல்லோரும் உங்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். எலும்புத் துண்டுகளைத் தூவாதீர்கள். அவற்றைத் தனியே எடுத்து நீரில் விடுங்கள்.

படி 7: திரும்பும்போது எதையும் விட்டுவராதீர்கள்

பாபநாசம் படித்துறையில் தாமிரபரணிக்குள் துணிக் குவியலைப் பார்த்திருப்பீர்கள். பரிகாரம் என்று ஆளுக்கு ஒரு துணியை விட்டுவிட்டுப் போவதால் வந்த வினை அது. அவர் உடுத்திய வேட்டியை, புடவையை ஆற்றில் விடாதீர்கள். நல்லதாக இருந்தால் யாருக்காவது கொடுங்கள். கலயத்தைக் கரையில் உடைத்தால் ஓடு அடுத்தவர் காலைக் கிழிக்கும். வீட்டுக்கு எடுத்துவர மனமில்லை என்றால் ஒதுக்குப்புறமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். ஊதுபத்தி அட்டை, பால் பாக்கெட், மாலை நார் எல்லாம் பையில் திரும்ப வரட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் செமக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் தொலைவில் கடலில் கரைக்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நிலத்தில் தூவ விரும்புவோருக்காக 2021-இல் சுவா சூ காங்கில் தனித் தோட்டம் திறந்தார்கள். பிரிட்டனில் நில உரிமையாளரின் அனுமதி போதும். அமெரிக்காவில் கடலில் கரைப்பதானால் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் போக வேண்டும், 30 நாட்களுக்குள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். தேசியப் பூங்காக்களில் தனி அனுமதி வேண்டும். ஊருக்குக் கொண்டுவருவதானால் இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ் இரண்டோடும் இந்தியத் தூதரகத்தை முதலில் அணுகுங்கள், பயணச்சீட்டை அதன்பின் எடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை

இத்தனை பேச்சும் யோசனையும் எதற்காக? அவர் என்ன நினைத்தார் என்று யாருக்கும் தெரியாததால்தான். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சிக்கல் வேண்டாம். எங்கே, எப்படி, யார் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். வைத்த இடத்தைப் பிள்ளைகளில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். "சாவைப் பத்தி இப்ப எதுக்குப் பேச்சு?" என்று திட்டுவார்கள். திட்டட்டும், தாள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.