கடலின் வெப்பமும் கிருஷ்ணகிரியின் மழையும்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. ஓர் ஏக்கருக்கு இது சுமார் 20 லட்சம் லிட்டர் நீராகும். கடற்கரையே இல்லாத நம் மாவட்டத்தில் இவ்வளவு மழை பெய்யக் காரணம் என்ன?

கடல் தரும் வெப்பம்

ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. கடல் இழக்கும் இவ்வெப்பம் நீராவிக்குள் மறைந்து காற்றில் ஏறுகிறது. மேலே நீராவி குளிர்ந்து மேகத் துளியாகும்போது அவ்வெப்பம் வெளிப்பட்டு, காற்றை மேலும் உயரச் செய்கிறது. ஓசூர் ஆலைகளில் கொதிகலனின் வெப்பத்தை நீராவி குழாய் வழியே வேறிடம் கொண்டு சேர்ப்பதைப் போன்றதே இது. புயல் என்னும் அடுப்புக்கு இதுவே விறகு. புயல் கரையேறி வலுவிழந்த பின்னரும் கடலின் ஈரக்காற்று அதனை நோக்கி வந்துகொண்டிருப்பதால், உள்மாவட்டங்களிலும் பெருமழை பெய்யக்கூடும்.

அளக்கும் முறை

இவ்வெப்பத்தைச் செயற்கைக்கோள் நேரடியாக அளப்பதில்லை. ஈரத்துணி எப்போது விரைவில் உலர்கிறது? துணி சூடாகவும், காற்று வறண்டும் வேகமாகவும் இருக்கும்போது. கடலுக்கும் இதே விதிதான். எனவே கடல்பரப்பின் வெப்பநிலை, காற்றின் வேகம், காற்றின் ஈரம் ஆகிய மூன்றையும் அறிந்து வெப்பப் பரிமாற்றம் கணக்கிடப்படுகிறது.

இன்சாட்-3டி வரிசைக் கோள்கள் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு கடல்பரப்பின் வெப்பநிலையை அறிகின்றன. மேகம் இக்கதிர்களை மறைத்துவிடும். நுண்ணலைகள் மேகத்தை ஊடுருவும். 2022-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 இத்தகைய நுண்ணலைக் கருவியைச் சுமந்து சென்றது. கடலின் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் நுண்ணலையின் அளவிலிருந்து காற்றின் வேகமும் திசையும் கணிக்கப்படுகின்றன. நீர்மட்டத்தை ஒட்டிய காற்றின் ஈரத்தை விண்ணிலிருந்து அறிவதே கடினம். ஆதலால் வங்கக்கடலில் நிறுத்தப்பட்டுள்ள மிதவைகளின் அளவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனர்.

நாம் செய்ய வேண்டுவன

கடல், காற்று பற்றிய இத்தகைய அளவுகள் வானிலை முன்னறிவிப்புக்கு உதவுகின்றன. எனினும் உங்கள் வயலில் இத்தனை செ.மீ. பெய்யும் என்று அவை உறுதி கூற இயலா. 'புயல் கரையைக் கடந்தது' என்ற செய்தி கேட்டவுடன் ஆபத்து நீங்கியதாகக் கருதலாகாது. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிவுரையைப் பாருங்கள். 'மேகதூத்' செயலியிலும் அது கிடைக்கும். கனமழை எச்சரிக்கை வந்தால் மேலுரமிடுவதையும் மருந்து தெளிப்பதையும் தள்ளிப் போடுங்கள். முற்றிய கேழ்வரகுக் கதிர்களை உடனே அறுத்து, நனையாத இடத்தில் சேருங்கள். தக்காளி வயலில் வடிகாலை முன்னதாகவே திறந்து வையுங்கள். மழை தொடங்கிய பின் மண்வெட்டியைத் தேடிப் பயனில்லை.