கலிப்பர் வாங்க முன் கழற்றிப் பாருங்கள்

பேலியகொடை மீன் சந்தையிலிருந்து வரும் லொறிகள் வீதியில் உப்புத் தண்ணீரைச் சிந்திக்கொண்டு போகும். அது முன் சில்லில் தெறித்து, காய்ந்து, பிரேக்கைத் தின்னும். "பிரேக் பிடிக்குதில்லை, நாலு பிஸ்டன் கலிப்பர் போடவா?" என்று கேட்பவரிடம், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போக முன் இருப்பதைக் கழற்றிப் பாருங்கள் என்றே சொல்வேன்.

150, 200 சிசி பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது நகரும் கலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே. உடல் இரண்டு பின்களில் வழுக்கி மறுபக்கப் பேடை இழுத்து வரும். பேட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று தேய்ந்து மற்றது தடிப்பாக இருந்தால் பின் இறுகியிருக்கக்கூடும். துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பலருடைய தேடல் இந்த வேலையோடு முடிந்துவிடும்.

அதன் பிறகும் போதவில்லையென்றால் நிலைத்த கலிப்பரைப் பாருங்கள். இருபக்கமும் பிஸ்டன், உடல் அசையாது, லீவரில் பிடி தெளிவாகத் தெரியும். கேடிஎம் ஆர்சி 390இல் வரும் பைப்ரே நாலு பிஸ்டன் இந்த வகை. பைப்ரே என்பது பிரெம்போ சிறிய பைக்குகளுக்கென வைத்திருக்கும் பெயர்.

ஆர்சி 390இன் கலிப்பர் ரேடியலும்கூட. போல்ட் தலை பைக்கின் பக்கவாட்டில் தெரிந்தால் சாதாரணப் பொருத்தம். பின்னால் நின்று பார்க்கத் தெரிந்தால் ரேடியல். 2003இல் கவாஸாக்கி இசட்எக்ஸ்-6ஆர் இப்படி வந்தது. கலிப்பர் குறைவாக வளைவதுதான் இதன் பலன். சாதாரண போர்க்கில் லேத்தில் வெட்டிய அடாப்டர் வைத்து மாட்டினால் அந்தப் பலன் குறையும், அடாப்டர் உடைந்தால் உயிரே போகும். ரேடியல் போல்ட் இடைவெளி 100 மி.மீ., 108 மி.மீ. என்று வேறுபடும், வாங்கும் இடத்திலேயே அளந்து பாருங்கள்.

கணக்கை மறக்காதீர்கள். நிலைத்த கலிப்பரில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும் எண்ணி, விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, வருவதைப் பிஸ்டன் எண்ணிக்கையால் பெருக்குங்கள். பழையதில் 27 மி.மீ. பிஸ்டன் இரண்டு: 1458. புதியதில் பக்கத்துக்கு 30 மி.மீ. இரண்டு: 1800. கடிக்கும் விசை 23 வீதம் கூடும், லீவர் போகும் தூரமும் அதே அளவு கூடும். லீவர் ஹேண்டிலைத் தொட்டால் மாஸ்டர் சிலிண்டரையும் பெரிதாக்க வேண்டும். அப்போது விசையில் கூடியது குறையும். இதைச் சொல்லாமல் கலிப்பரை மட்டும் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

பொருத்தும்போது செம்பு வாஷர் புதிதாகவே இருக்கட்டும். பிரேக் எண்ணெய்த் தொட்டியின் மூடியில் டொட் 4 என்றிருந்தால் அதையே, திறக்காத போத்தலில் வாங்குங்கள். புதிய எண்ணெய் 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்தால் 155 வரை இறங்கிவிடும். கொழும்புக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. காற்றை முழுதும் வெளியேற்றி, சில்லைக் கையால் சுற்றி, வாகனமில்லாத ஒழுங்கையில் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்த்த பின்னரே களனிப் பாலத்தில் ஏறுங்கள். ஒரு கிழமை கழித்து போல்ட்டையும் குழாய் மூட்டையும் மறுபடி பாருங்கள்.