இலை மிதக்கும்போதே எடுத்துவிடுங்கள்

மாணவர்களே, மழை விட்ட காலையில் நீச்சல் குளத்தைப் பார்த்திருப்பீர்கள். நீர்ப்பரப்பு முழுவதும் இலைகள், பூவிதழ்கள், சின்னஞ்சிறு குச்சிகள் மிதக்கும். குளத்தின் அழகைக் கெடுக்கும் குப்பை என்றுதான் பலரும் அவற்றை நினைக்கிறார்கள். உண்மையில் கெடுவது அழகு மட்டுமன்று. நீரைக் கிருமிகளிடமிருந்து காக்கும் குளோரினையும் அந்த இலைகள் கரைத்துத் தீர்க்கின்றன. அது எப்படி என்று இந்த வாரம் பார்ப்போம்.

48,000 லிட்டருக்கு 96 கிராம்

ஒரு வீட்டின் பின்புறத்தில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக 1.5 மீட்டர் ஆழம் கொண்ட குளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 8 × 4 × 1.5 = 48 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். ஆகவே, குளத்தில் 48,000 லிட்டர் நீர் இருக்கிறது.

குளத்து நீரில் ஒரு லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை கட்டற்ற குளோரின் இருக்குமாறு பார்த்துக்கொள்வது பொதுவான நடைமுறை. கட்டற்ற குளோரின் என்றால் இன்னும் வேறெதனுடனும் வினைபுரியாமல், வேலைக்குத் தயாராக இருக்கும் குளோரின். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று கொண்டால், மொத்தம் 96,000 மில்லிகிராம், அதாவது 96 கிராம். அவ்வளவு பெரிய குளத்துக்கு இவ்வளவு சிறிய காவல்!

குளோரின் நீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறுகிறது. இது கிருமிகளை ஆக்சிஜனேற்றம் செய்து அழிக்கிறது. ஆனால் ஆள் பார்த்து அடிக்க இதற்குத் தெரியாது. எதிரில் வருவது பாக்டீரியாவா, அழுகும் இலையா என்று பிரித்துப் பார்க்காமல் இரண்டுடனும் வினைபுரியும். இலையுடன் வினைபுரிந்து தீர்ந்த குளோரின் கிருமியைக் கொல்ல மிஞ்சாது.

மிதக்கும் இலை, மூழ்கும் இலை

இலை ஏன் முதலில் மிதக்கிறது? அதன் மேற்பரப்பில் மெழுகுப் படலம் இருக்கிறது. உள்ளே திசுக்களுக்கு இடையில் காற்று நிறைந்த இடைவெளிகள் இருக்கின்றன. ஆகவே, அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடக் குறைவு. நேரம் செல்லச் செல்ல அந்த இடைவெளிகளில் நீர் புகுந்து காற்றை வெளியேற்றும். அடர்த்தி கூடி, இலை அடியில் போய்ப் படியும்.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. இலையிலுள்ள தானின் போன்ற பொருள்கள் நீரில் கரைகின்றன. தேநீரை நினைத்துப் பாருங்கள். வடிகட்டி தேயிலைத் தூளைப் பிடித்துவிடும். ஆனால் நீரில் இறங்கிய நிறத்தைப் பிடிக்காது. குளத்தின் மணல் வடிகட்டியும் அப்படித்தான். இலைத் துணுக்கைத் தடுக்கும். கரைந்த பொருளைத் தடுக்காது. கரைந்ததைச் சமாளிக்கும் சுமை குளோரின் மீது விழுகிறது.

குளோரின் தீர்ந்த பிறகு இலை வேகமாக அழுகும். அதிலிருந்து வெளிவரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு உரமாகின்றன. நம் நாட்டு வெயிலும் வெப்பமும் சேர்ந்தால், சில நாள்களிலேயே நீர் பச்சையாகிக் கலங்கிவிடும்.

கலங்கிய நீர் உயிருக்கே ஆபத்து. அதில் மூழ்குபவரை மேலே நிற்பவர் பார்க்க முடியாது. குளத்தின் ஆழமான பகுதியில் உள்ள வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரியாவிட்டால், அந்தக் குளத்தில் இறங்கவே கூடாது.

வேலையின் வரிசை

1. முதலில் வலை. நீண்ட கம்பு பொருத்திய வலையால், இலை மிதக்கும்போதே அள்ள வேண்டும். தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகளும் அங்சானா பூவிதழ்களும் மிகச் சிறியவை. அவற்றுக்கு நெருக்கமான கண்ணுள்ள வலை தேவை.

2. அடுத்து பக்கவாட்டு உறிஞ்சுவாய். குளத்துச் சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும் இந்த வாய் மேற்பரப்பு நீரை இழுத்து, இலைகளைக் கூடையில் சேர்க்கும். நீர்மட்டம் இதன் பாதி உயரத்தில் இருப்பது நல்லது. மட்டம் மிகவும் தாழ்ந்தால் பம்பு காற்றை இழுக்கும். மிகவும் உயர்ந்தால் மேற்பரப்புக் குப்பை உள்ளே வராது.

3. கூடையைக் காலி செய்வது. கூடை அடைத்தால் நீரோட்டம் குறையும்; வடிகட்டிக்குப் போதிய நீர் போகாது. பம்பை நிறுத்திய பிறகே பெரியவர்கள் இதைத் திறக்க வேண்டும்.

4. கடைசியில்தான் குளோரின். இலைகளை அகற்றாமல் குளோரின் போடுவது, குப்பைக்குத் தீனி போடுவதற்குச் சமம். சூரியனின் புற ஊதாக் கதிர்களும் குளோரினைச் சிதைப்பதால், திறந்தவெளிக் குளங்களில் மாலையில் சேர்ப்பது பலன் தரும்.

எச்சரிக்கை: குளத்துக்கான அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் நச்சு வாயுவான குளோரின் வாயு வெளிவரும். இந்த இரசாயனங்களை மாணவர்கள் கையாள வேண்டாம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஆசிரியர் அல்லது பெற்றோர் துணையுடன், ஒரே குளத்திலிருந்து எடுத்த நீரை ஒரே அளவான இரண்டு போத்தல்களில் ஒரு லிட்டர் வீதம் நிரப்புங்கள். சோதனைத் தாளால் இரண்டிலும் கட்டற்ற குளோரினை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் 10 காய்ந்த இலைகளை நொறுக்கிப் போடுங்கள். இரண்டையும் மூடி, இருட்டான ஓர் அலமாரியில் வையுங்கள். 1 மணி, 4 மணி, 24 மணி நேரத்துக்குப் பின் மீண்டும் அளந்து அட்டவணையில் பதியுங்கள்.

இங்கே தற்சார்பு மாறி, இலை இருப்பதும் இல்லாததும். சார்பு மாறி, குளோரின் அளவு. நீரின் அளவு, போத்தலின் அளவு, வைக்கும் இடம் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். சோதனை முடிந்ததும் நீரை வடிகாலில் ஊற்றிவிடுங்கள். திறந்த போத்தலில் நீரைத் தேங்க விட்டால், ஏடிஸ் கொசு முட்டையிட நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. போத்தல்களை ஏன் வெயிலில் வைக்கக் கூடாது? வைத்தால் உங்கள் முடிவை நம்ப முடியுமா?

2. இலை இல்லாத போத்தல் எதற்கு?

3. ஒரு குளத்தில் வாரத்துக்கு இருமுறை குளோரின் போடுகிறார்கள்; ஆனால் இலைகளை மாதம் ஒருமுறைதான் அள்ளுகிறார்கள். பணத்தையும் மிச்சப்படுத்தி, நீரையும் தெளிவாக வைத்திருக்க அவர்களுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? காரணத்தோடு மூன்று வரிகளில் எழுதுங்கள்.