பூஞ்சை பிடித்த கேசட்டை டெக்கில் போடாதீர்கள்

‘நூறாவது நாள்’ படத்தைப் பழைய வீடியோ கேசட்டில்தான் மறுபடி பார்ப்பேன் என்று சொன்னபோது வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை. “யூடியூப்லயே இருக்கேம்மா, போட்டு விடவா?” என்றான் மகன். போட்டும் விட்டான். வெளிறிப்போன பிரதி. மூலையில் ஒரு சேனலின் முத்திரை. மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாகச் சத்யராஜ் வருகிறார். போட்டிருக்கும் சிவப்புக் கோட்டு செங்கல் நிறத்தில் தெரிகிறது. கதை தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

எங்கள் அண்ணன் திண்டிவனத்தில் வீடியோ கடை வைத்திருந்தார். திருவிழா, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எது வந்தாலும் கலர் டிவியும் டெக்கும் வாடகைக்குப் போகும். தெருவில் பெஞ்சு போட்டு டிவியை ஏற்றினால் விடிய விடிய மூன்று படம். முதலில் சாமி படம், அடுத்து எம்ஜிஆர் படம், சின்னப் பிள்ளைகள் பாயில் சுருண்ட பிறகு கடைசியாகப் பயமுறுத்துகிற படம். ‘நூறாவது நாள்’ அந்த மூன்றாவது இடத்துக்கே உரியது. வயதுக்கு வந்த பெண்கள் அதைப் பார்க்கக்கூடாது என்று எங்கள் தெருவில் ஒரு சட்டம். படம் வந்த அதே 1984-ல் சென்னையில் ஒரு குடும்பத்தையே கொன்ற வழக்கில் பிடிபட்டவன் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் செய்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சு தடையை இன்னும் இறுக்கிவிட்டது. நான் திண்ணை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் பார்த்த கோட்டு சிவப்பு. அந்தச் சிவப்பு அவர் உடம்போடு நிற்காமல் ஓரங்களில் வழிந்து பரவும்.

அது என் கற்பனை இல்லை. விஎச்எஸ் நாடாவில் வெளிச்சமும் நிழலும் ஓரளவு நன்றாகப் பதியும், நிறம் அதில் சிறு பங்கு அளவுக்குத்தான் பதியும். அடர்ந்த சிவப்பு உருவத்தின் ஓரத்தைத் தாண்டிக் கசியும். காப்பிக்குக் காப்பி எடுக்க எடுக்க அந்தக் கசிவு கூடும். அண்ணன் கடைக் கேசட்டு எத்தனையாவது காப்பியோ! அந்தக் குறையால்தான் அந்த ஆள் நடந்து வரும்போதே எங்களுக்குக் குலை நடுங்கியது. இயக்குநர் மணிவண்ணனும் சத்யராஜும் செய்தது பாதி, நாடா செய்தது பாதி என்று இன்றைக்கும் சொல்வேன்.

கேபிள் வந்து கடையை மூடியபோது அண்ணன் ஒரு அட்டைப்பெட்டிக் கேசட்டுகளை என்னிடம் கொடுத்தார். திண்டிவனம் கிடங்கலில் எங்கள் வீட்டுப் பரணில் அது பத்திரமாகவே இருந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை, ஆனால் கூரை ஊறியது, பரண் ஊறியது, பெட்டியும் ஊறியது. வெயில் வந்த பிறகு எடுத்துப் பார்த்தால் கேசட்டின் கண்ணாடித் துளை வழியாகவே தெரிந்தது: சுற்றிய நாடாவின் விளிம்பில் மாவு தூவின மாதிரி வெள்ளை. பூஞ்சை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். போன மழைக்கு அதுவும் நனைந்திருக்கும். இன்றைக்கே இறக்கி, ஒவ்வொரு கேசட்டையும் டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நாடா ஒரே கறுப்பாக, வழவழவென்று இருந்தால் நல்லது. வெள்ளையோ சாம்பலோ புள்ளி தெரிந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள், மற்றதோடு சேர்க்காதீர்கள். முக்கியமாக, டெக்கில் போடாதீர்கள். யாரையும் போடவும் விடாதீர்கள்.

போடக்கூடாது என்று நான் வாய்விட்டே சொன்னேன். விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோ. பெயர் வேண்டாம். கல்யாணக் கேசட்டுகளை பென்டிரைவில் மாற்றிக் கொடுப்பதாகப் பெரிய பலகை. மகனோடு போனேன். “ஓரத்துல பூஞ்சை இருக்கு தம்பி. சுத்தம் பண்ணாம டெக்ல போட்டுடாதீங்க” என்றேன். அவர் கேசட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. எத்தனை கேசட்டு பாத்திருக்கோம்” என்றார், என் மகனைப் பார்த்து. கேள்வி கேட்டது நான், பதில் அவனுக்கு. என்ன படம் என்று தெரிந்ததும் ஒரு சிரிப்பு வேறு.

பிறகு போன் வந்தது. “சிக்கிடுச்சுங்க. பழசுல்ல” என்றார். போய்ப் பார்த்தால், நாடாவின் நடுவில் ஒரு முழ நீளத்துக்குமேல் மடிந்து நொறுங்கி, ஓரம் ரம்பப் பல்லாகியிருந்தது. அறுந்த இடத்தைக் கடையில் பொட்டலம் ஒட்டுகிற செல்லோடேப்பால் ஒட்டியிருந்தார். அதற்குமேல், ஹெட் அழுக்காகிவிட்டது என்று சுத்தம் செய்த கூலியும் கேட்டார். கொடுத்தேன். ரசீது கேட்டேன், தரவில்லை.

அவர் என்ன செய்தார் என்பதை நான் பிற்பாடு புரிந்துகொண்டேன், நீங்கள் முன்னாலேயே புரிந்துகொள்ளுங்கள். டெக்குக்குள் சாய்வான ஒரு உலோக டிரம் நிமிஷத்துக்கு 1500 சுற்றுச் சுற்றும். அதில்தான் நாடாவைப் படிக்கிற ஹெட் இருக்கிறது. கேசட்டைப் போட்டு பிளே அழுத்தியவுடன் இரண்டு கம்பிகள் நாடாவை வெளியே இழுத்து அந்த டிரம்மைச் சுற்றி வளைக்கும். நாடா வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஈரமோ பூஞ்சையோ இருந்தால் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பின்னால் இருக்கும் ரப்பர் உருளை இழுப்பதை நிறுத்தாது. முன்னால் ஒட்டிக்கொண்டது, பின்னால் இழுக்கிறது, நடுவில் இருப்பது கசங்குகிறது. நின்ற பிறகு விரலால் பிடித்து இழுத்தால் மிச்சமும் போச்சு. இதோடு முடியவில்லை. அந்தப் பூஞ்சைத் தூள் டெக்குக்குள் விழுந்து, அடுத்து யாருடைய கல்யாணக் கேசட்டைப் போடுகிறார்களோ அதற்கும் தொற்றும். அந்த ஸ்டுடியோவில் எனக்கு அடுத்து வரிசையில் இருந்தவர்களை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

வேறு கடைக்குக் கொண்டுபோ என்றார்கள் வீட்டில். நான் போகவில்லை. நானே செய்வது என்று முடிவெடுத்தேன், அந்த முடிவு சரி.

ஓடுகிற டெக்குதான் முதல் தேவை. புதிதாக எங்கும் கிடைக்காது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பாண்டிச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடினேன். வாங்கும்போது வேண்டாத கேசட்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், அங்கேயே ஓட்டிப் பார்த்து, முன்னும் பின்னும் சுற்றவிட்டு, நாடா கசங்காமல் வருகிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். பெல்ட் உருகிப்போன டெக்குகள்தான் அங்கே அதிகம்.

கேசட்டைக் காயவைக்கவும் பொறுமை வேண்டும். வெயிலில் வைக்கக்கூடாது, சட்டமும் வளையும் நாடாவும் வளையும். புதுச் செருப்புப் பெட்டியிலும் பைகளிலும் வருமே, சிலிக்கா ஜெல் பொட்டலம், அதை நிறையச் சேர்த்து, இறுக்கமாக மூடுகிற டப்பாவில் கேசட்டோடு போட்டு வைத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிரித்தேன். அடிப்பக்கம் ஐந்து ஸ்க்ரூ இருக்கும். மூடியைத் தூக்குமுன் எந்த உருளை எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், சின்ன ஸ்பிரிங் ஒன்று துள்ளி ஓடும். மூக்கில் மாஸ்க் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். மொட்டை மாடியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, விளிம்பைத் துடைத்துத் துடைத்து, கையாலேயே சுற்றினேன். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டும். டெட்டால், சென்ட் எதுவும் வேண்டாம்.

பழைய கூட்டில் திரும்ப வைக்கவில்லை. உதவாத ஒரு கேசட்டைப் பிரித்து, அதன் சுத்தமான கூட்டுக்குள் இந்தச் சுருள்களை மாற்றினேன். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே யோசித்தது.

செல்லோடேப் ஒட்டிய இடத்தை இரண்டு பக்கமும் வெட்டி எறிய வேண்டியதாயிற்று. அந்தப் பசை கசிந்து ஹெட்டில் ஏறினால் டெக்கே போய்விடும். ஸ்ப்ளைசிங் டேப் என்று தனியாகக் கிடைக்கிறது. அதை நாடாவின் உட்பக்கம், படம் பதியாத பக்கம்தான் ஒட்ட வேண்டும். கணினிக்கு ஏற்றுகிற வேலையை மகன் பார்த்துக்கொண்டான்: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய யுஎஸ்பி கருவி, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயர், அவ்வளவுதான். மலிவுக் கருவியில் போகப் போகப் பேச்சு உதட்டைவிட்டு விலகும், பிறகு இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். பார்க்கும்போது புது டிவி படத்தை அகலமாக இழுத்து எல்லோரையும் குண்டாக்கும். செட்டிங்கில் 4:3 வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு தனியாகப் பார்த்தேன். சிவப்பு அப்படியே இருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்த வயதில் தெரியாத ஒன்று இப்போது தெரிந்தது. இந்தப் படத்தைப் பற்றி ஆண்கள் பேசினால் இரண்டுதான் சொல்வார்கள்: சத்யராஜின் மொட்டை, மோகன் வில்லன். ‘பயணங்கள் முடிவதில்லை’யில் மைக் பிடித்துப் பாடிய மோகன், பெண்களெல்லாம் மாப்பிள்ளையாகக் கனவு கண்ட மோகன், இதில் கொலைகாரப் புருஷன். அது பெரிய துணிச்சல்தான். இதில் நடித்த விஜயகாந்த் 2023 டிசம்பரில் மறைந்த பிறகு அவருக்காகவும் பலர் இந்தப் படத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஆனால் படத்தைத் தோளில் சுமப்பவர் நளினி. நடக்கப்போகிற கொலை அவர் நடிக்கிற தேவியின் கண்ணுக்குள் ஓடுகிறது, அதைச் சொன்னால் பிரமை என்கிறார்கள். கட்டிய புருஷனே பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறான். இளையராஜாவின் பின்னணி இசை அவள் முகத்தின் மேல்தான் படுகிறது, கத்தியின் மேல் இல்லை. அந்தப் பெண் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறது. சுவருக்குள் பிணம் இருக்கிறது என்பதுவரை சரி. மலிவான பயமுறுத்தல் படம் என்று ஒதுக்கியவர்கள் இதைப் பார்க்கவே இல்லை.

இதன் வேர் இத்தாலியில் இருக்கிறது. லூசியோ ஃபுல்சி 1977-ல் எடுத்த ‘செத்தே நோத்தே இன் நேரோ’. அதையும் தேடிப் பாருங்கள். அதில் ஒரு கைக்கடிகாரம் பாடுகிற மெட்டு உண்டு, க்வெண்டின் டாரன்டினோ அதை எடுத்து 2003-ல் ‘கில் பில்’ படத்தில் வைத்தார். நம் ‘நூறாவது நாள்’ 1991-ல் மாதுரி தீட்சித் நடித்து ‘100 டேஸ்’ என்று இந்திக்குப் போனது. இத்தாலியிலிருந்து கோடம்பாக்கம், கோடம்பாக்கத்திலிருந்து பம்பாய். அந்தப் பம்பாயில் ராம்சே சகோதரர்கள் எடுத்த பேய்ப்படம் ‘புரானா மந்திர்’ வந்ததும் அதே 1984-தான். மோண்டோ மகாப்ரோ என்கிற வெளிநாட்டு நிறுவனம் அதை எடுத்து மரியாதையாக டிவிடி போட்டது. நம் ஊரில் மோசர் பேயர் 2007-ல் விசிடியை 28 ரூபாய்க்குக் கொடுத்தபோது நாமெல்லாம் வாங்கிக் குவித்தோம். விசிடி என்பது 352-க்கு 288 புள்ளி, அவ்வளவே. படங்கள் மலிவாக எல்லார் வீட்டுக்கும் வந்தன, அதற்கு நன்றி. ஆனால் மணிவண்ணன் 2013-ல் போய்விட்டார். அவர் இருக்கும்போதே ஒருவர் அவரை உட்காரவைத்து, நெகட்டிவைத் தேடி எடுத்து, நிறம் திருத்தி, ஒவ்வொரு காட்சிக்கும் பேசவைத்துப் பதிந்திருக்க வேண்டாமா? ஃபுல்சியின் படங்களை அங்கே தேடி எடுத்து மெருகேற்றுகிறார்கள்.

என் கேசட்டில் அந்த ஸ்டுடியோ தின்ற இடம் சுவரை இடிக்கிற காட்சிக்குச் சற்று முன்னால். அங்கே படம் ஒரு துள்ளுத் துள்ளி நேரே இடிபட்ட சுவருக்குப் போகிறது. மகன் அந்த ஓட்டையை யூடியூப் பிரதியால் நிரப்பித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன்.

பெட்டியில் இன்னும் கேசட்டுகள் இருக்கின்றன. இயக்குநர் பேபி எடுத்த ‘மை டியர் லிசா’, ‘13-ஆம் நம்பர் வீடு’ இரண்டும் சுத்தம். ஜி.எம்.குமாரின் 1991 ‘உருவம்’ மட்டும் ஒரு பக்க விளிம்பு முழுக்க வெள்ளை. என் டெக்கின் ரப்பர் உருளை இப்போது தேய ஆரம்பித்துவிட்டது. விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம் பக்கம் யார் வீட்டிலாவது ஓடுகிற டெக்கு இருந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். வைத்திருங்கள், நான் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.